நூல் கோர்த்துக் கொடுத்தவன்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் குட்டை. ஒரு தீப்பெட்டி அட்டையை மடித்து அடியில் சொருகினால் ஆட்டம் நின்றுவிடும். எத்தனையோ பேர் இதில் உட்கார்ந்து எழுந்து போயிருப்பார்கள், ஒருவருக்கும் அது தோன்றவில்லை. ஆடுகிற எதையும் என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது. தண்ணீர் மோட்டார் ரிப்பேர் செய்து வயிறு வளர்த்தவன் நான். சுழல்கிற பொருள் ஆடினால் முதலில் பேரிங் போகும், பிறகு தண்டு போகும், கடைசியில் வீட்டுக்காரன் மெக்கானிக்கைத் திட்டுவான்.

உங்களைத் தம்பி என்றுதான் கூப்பிடுவேன். இந்த வயதில் சார் போட எனக்கு வாய் வராது. அந்த மூலையில் எழுதுகிற பெண், நான் சொல்கிறபடியே எழுதுகிறாளா என்று எனக்கு எப்படித் தெரியும். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். முடிந்ததும் அவள் சத்தமாக வாசிக்கட்டும். ஒரு சொல் மாறியிருந்தாலும் கையெழுத்துக் கிடையாது. உங்கள் போலீஸ் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.

செடியைப் பற்றித்தானே முதலில் கேட்டீர்கள். என் கொல்லையிலிருந்து அதைத் தோண்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டீர்களாம். தோண்டியவர் கையுறை போட்டிருந்தாரா? போடவில்லை என்றால் கண்ணைக் கசக்க வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். அவர் மேல் எனக்கு ஒரு பகையும் இல்லை.

அதை ஊமத்தை என்று எழுதியிருக்கிறீர்கள். அதுவே தப்பு. ஊமத்தை இடுப்புக்கு மேல் வளராது. அதன் பூ வானத்தைப் பார்த்து நிற்கும், காயைச் சுற்றி முள் இருக்கும். என் செடி அதற்குப் பங்காளி, அவ்வளவுதான். தண்டு முற்றி மரமாகும், ஆள் உயரத்தைத் தாண்டும். பூ தரையைப் பார்த்துத் தலைகீழாகத் தொங்கும், கல்யாண வீட்டு ஒலிபெருக்கிக் குழாயைக் கவிழ்த்துப் பிடித்த மாதிரி. முதலில் வெள்ளையாக விரியும், போகப் போகப் பழுத்த நிறத்துக்கு மாறும். வெயில் இறங்கியதும் வாசனை கிளம்பும் பாருங்கள், தெருவில் போகிறவன் நின்று வீட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் போவான். இலையைக் கசக்கினால் மட்டும் அழுக்கு எண்ணெய் நாற்றம். பூவை வைத்து ஏமாறுகிறவன் இலையை முகர்ந்தால் பிழைத்துக்கொள்வான். பழங்காலத்து ஆள் எவனாவது ஊமத்தையை அரைத்துக் கொடுத்தான் என்று கதை கேட்டுவிட்டு என்னையும் அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அது எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய அலுவலகத் தோட்டத்தில். அங்கே பம்பு நின்றுவிட்டது என்று கூப்பிட்டிருந்தார்கள். நான் இணைப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது தோட்டக்காரன் பக்கத்தில் வந்து குந்தினான்.

“அண்ணே, என் கண்ணைப் பாருங்க. ஒண்ணு பூனைக்கண்ணு, ஒண்ணு ஆந்தைக்கண்ணு.”

பார்த்தேன். ஒரு கண்ணில் கருமணி கடுகு மாதிரி இருந்தது. மற்றதில் கருமணி முழுசாக விரிந்து, கண்ணே கறுப்பாகத் தெரிந்தது.

“அந்தா தொங்குது பாருங்க, அந்தப் பூச்செடியை வெட்டிவிட்டுட்டுக் கையைக் கழுவாம கசக்கிட்டேன். ஒரு பக்கம் எல்லாம் மங்கல். பொண்டாட்டி அந்தப் பக்கம் நின்னா அழகாத் தெரியறா. அப்படியே விட்டுடலாம்னு பார்க்கறேன்.”

“வயித்துக்குள்ள போனா?” என்று கேட்டேன்.

சிரிப்பை நிறுத்திவிட்டான். “அதெல்லாம் கேக்காதீங்கண்ணே. ஆளே வேற ஆளாயிடுவான். இல்லாததை எல்லாம் பார்ப்பான். நம்ம ஆளுகள்ல ஒருத்தனுக்கு அப்படி ஆகி, சொந்தத் தாயைப் பார்த்து நீ யாருன்னு கேட்டான்.”

வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு கொப்பை வெட்டிக்கொண்டு வந்தேன். அழகுக்குத்தான் கொண்டு வந்தேன். அப்போது என் மனசில் வேறொன்றும் இல்லை. இதை அந்தப் பெண் அழுத்தி எழுதட்டும்.

முற்றிய கொப்பாகப் பார்த்து நட வேண்டும், இளசு அழுகிவிடும். ஒரு பிளாஸ்டிக் பீப்பாயைப் பாதியாக அறுத்து, அடியில் ஓட்டை போட்டு வைத்தேன். அது குடிகாரனைப் போலத் தண்ணீர் கேட்கும். மத்தியானம் ஒரு வேளை மறந்தால் இலையெல்லாம் துவண்டு, செத்துவிட்டது என்று நினைக்க வைக்கும். ஒரு குடம் ஊற்றினால் எழுந்து நின்றுவிடும். ஊற்றியது என் மனைவி. தைப்பதற்கு நடுவில் முதுகை நிமிர்த்திக்கொள்ள எழுந்து வருவாள், ஒரு குடம் ஊற்றுவாள், பூவுக்கு அடியில் நின்று அண்ணாந்து முகர்வாள்.

“வாழ்க்கையில நீங்க எனக்கு வாங்கிட்டு வந்த ஒரே நல்ல பொருள் இதுதாங்க,” என்பாள். “அதுவும் திருட்டு.”

அவளுக்கு வாய் அப்படி. கை அதைவிட வேகம். பள்ளிக்கூடச் சீருடை, திரைச்சீலை, மெத்தை உறை என்று தெருவில் பாதி வீட்டுத் துணி அவள் மிஷினில் ஏறி இறங்கியதுதான். அந்த மிஷினுக்கு மோட்டார் பூட்டிக் கொடுத்தது நான். என்னைத் திட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்தபடியே ஊசியில் நூல் கோர்ப்பாள். ஒரு தடவை கூடத் தவறாது. பிறகு என் முகத்தைப் பார்க்காமல் தைப்பாள். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. வீட்டில் அந்த மிஷின் சத்தம்தான் பேச்சு. அது ஓடுகிறது என்றால் அவள் இருக்கிறாள் என்று நானும் என் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பேன்.

இப்படி இருந்த வீட்டுக்குள் அவளுடைய அக்காள் வந்தாள். புருஷன் இறந்து, பக்கத்து ஊரில் தையல் கடையைத் தனியாக நடத்துகிறவள். என்னை அவள் முறை வைத்துக் கூப்பிட்டதே இல்லை. வாசலிலேயே ஆரம்பித்தாள்.

“என்ன மெக்கானிக்கு, தேய்ஞ்சு போயிட்டே. இந்தா பாரு, என் தங்கச்சியை நான் கூட்டிட்டுப் போறேன். கடைக்கு ஆள் வேணும். நீ வேணும்னா ஸ்பேனர் பையைத் தூக்கிட்டுப் பின்னாலேயே வா. எங்க மாடித் தண்ணித் தொட்டி ரொம்ப நாளா ஒழுகுது.”

இதற்கு என் மனைவி சிரித்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்த மாதிரி சிரித்து நான் கேட்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர.

அக்காள் ஊருக்குப் போன பிறகு, வேடிக்கைப் பேச்சு, போய்விட்டது என்றுதான் இருந்தேன். நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் மனைவி எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் முடிவு பண்ணிட்டேங்க. கடைக்கு மேல ஒரு ரூம் இருக்கு. கையில இருக்கிற துணியை முடிச்சுக் கொடுத்துட்டு நான் அக்காகிட்டப் போறேன். நீங்க வந்தா வாங்க. வரலைன்னா உங்க இஷ்டம்.”

“என்னைக் கேக்காமலா?”

“இவ்வளவு நாளும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்.”

இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். கடையில் நூல் நிறம் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் கத்தவில்லை. கை நீட்டவில்லை. எங்கள் தெருவில் பொண்டாட்டி வெளியே போகக்கூடாது என்று கதவைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவன் இருக்கிறான், அவனை நீங்கள் கூப்பிட்டு விசாரித்தீர்களா? நான் அவளுக்கு ஒரு தேநீர் போட்டுக் கொடுத்தேன். அவ்வளவுதான் செய்தேன்.

“என்ன அதிசயம், இன்னைக்கு மழை கொட்டும் போல,” என்று சொல்லி வாங்கிக் குடித்தாள்.

எந்தப் பாகம், எவ்வளவு, எப்படி என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். சொல்ல மாட்டேன். நான் சொல்வேன், அந்தப் பெண் எழுதுவாள், அதை நாலு பேர் படிப்பார்கள், நாளைக்கு எவனாவது வீட்டில் செய்வான். உலகத்தில் எல்லோரும் என்னைப் போல நிதானமானவர்கள் இல்லை.

முதலில் அவளுக்கு வாய் உலர்ந்தது. தண்ணீர் தண்ணீர் என்றாள். அப்புறம் தைக்க உட்கார்ந்தாள். நூலை நக்கினாள், ஊசியில் கொண்டு போனாள், விலகிப் போனது. மறுபடி கொண்டு போனாள். ஊசியைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

“என்னங்க, இந்த ஊசிக்கு ஓட்டையே இல்லைங்க.”

“கொண்டா இங்க,” என்று வாங்கிக் கோர்த்துக் கொடுத்தேன். என் விரல் தடிமன், எனக்கு அது லேசில் வராது. பழகிக்கொண்டேன். ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு மிஷினுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிடுவேன். நூல் அறுந்தால் என் பக்கம் ஊசியை நீட்டுவாள், நான் கோர்ப்பேன். என் தோளில் அவள் தோள் இடிக்கும். கல்யாணமான புதிதில் கூட நாங்கள் அப்படி உட்கார்ந்ததில்லை. திட்டுவதையும் குறைத்துவிட்டாள். “நீங்க இல்லைன்னா நான் என்ன பண்ணுவேன்” என்று அவள் வாயாலேயே சொன்னாள். நான் சொல்லச் சொல்லவில்லை. இதை எழுதியாகிவிட்டதா?

அக்காளிடம் போனில், கண் சரியாகட்டும், பிறகு வருகிறேன் என்றாள். கண்ணாடி மாற்றினோம். மாற்றிய கண்ணாடியும் சரியில்லை. கண்ணாடிக் கடைக்காரனைத் திருடன் என்று திட்டிவிட்டு வந்தேன். அவன் மேல் எனக்கு அப்போது உண்மையாகவே கோபம் வந்தது. அதுதான் இப்போதும் எனக்குப் புரியவில்லை.

இடையில் நிறுத்தியும் பார்த்தேன். நான் கல்நெஞ்சுக்காரன் இல்லை. நிறுத்தினால் கண் தெளிந்துவிடும். தெளிந்ததும் அவள் என்ன செய்வாள்? பரணில் இருக்கிற பெட்டியை இறக்கித் தூசி தட்டுவாள். “என்னங்க, இந்தப் பெட்டிப் பூட்டுக்குக் கொஞ்சம் எண்ணெய் விடுங்க” என்பாள். எண்ணெய் விட்டுக் கொடுத்தேன். சாயந்திரம் தேநீரும் போட்டுக் கொடுத்தேன். மோட்டாருக்கு வேகம் கூட்டிக் குறைக்கிற குமிழ் இருக்கிறது அல்லவா, அந்த மாதிரி. குமிழ் யார் கையில் இருக்கிறதோ அவன்தான் மிஷினுக்குப் பொறுப்பு. நான் பொறுப்பை விட்டவன் இல்லை.

விரல் விஷயத்துக்கு வருகிறேன், அதற்காகத்தானே முகத்தை அப்படி வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். துணி எங்கே முடிகிறது, விரல் எங்கே ஆரம்பிக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கி, எலும்பில் பட்டு உள்ளே ஒடிந்தது. நான் ஓடி வந்து முதலில் மோட்டாரை நிறுத்தினேன், பிறகு சக்கரத்தைக் கையால் பின்பக்கம் சுற்றி விரலை விடுவித்தேன். பதறியிருந்தால் விரலே போயிருக்கும். அந்த விரல் இப்போது மடங்காது என்று டாக்டர் சொல்கிறார். ஆனால் அந்த மோட்டாரின் வேகத்தை நான் முன்பே குறைத்து வைத்திருந்தேன், தெரியுமா உங்களுக்கு? அந்த அளவுக்கு முன்யோசனை எவனுக்கு இருக்கும்.

விரலுக்குப் பிறகு மிஷின் நின்றுவிட்டது. அப்போதே நானும் நிறுத்தியிருக்கலாமே என்று கேட்கிறீர்கள். கேட்கிறவனுக்குச் சுலபம். தைக்க முடியாவிட்டாலும் அக்காள் வந்து கூட்டிக்கொண்டு போய் உட்காரவைத்துச் சோறு போடுவேன் என்கிறாள். அவளுக்கு வேண்டியது ஆள், கை இல்லை. அது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. குமிழைக் கொஞ்சம் கூட்டினேன்.

அந்த நாட்களில் அவள் கட்டிலில் உட்கார்ந்து போர்வையிலிருந்து நூல் இழுப்பாள். போர்வையில் நூல் ஒன்றும் பிரிந்திருக்காது. காற்றிலிருந்து ஒரு நூலைப் பிடிப்பாள், நக்குவாள், முறுக்குவாள், இல்லாத ஊசியில் கோர்ப்பாள். கோர்க்கவில்லை என்று அழுவாள். நான் எதிரில் உட்கார்ந்து கட்டைவிரலையும் அடுத்த விரலையும் சேர்த்துப் பிடித்து, “இந்தா, கோர்த்தாச்சு” என்று நீட்டுவேன். வாங்கிக்கொண்டு சமாதானமாகத் தைப்பாள், வெறுங்காற்றில். அழகாகத்தான் தைத்தாள், வரிசை பிசகாமல். சுவரைப் பார்த்து அவள் அம்மாவிடம் பேசினாள். என்னை ஒரு நாள் அப்பா என்று கூப்பிட்டாள். நான் திருத்தவில்லை. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அக்காள் என்று ஒருத்தி இருப்பதே அவளுக்கு மறந்து போயிருக்கும். பிறகு தேநீருக்கு அவசியமே இருந்திருக்காது. நான் எங்கே நிறுத்தப் போகிறேன் என்று எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

போனில் பேச்சுக் குழறுவதைக் கேட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் அக்காள் வந்து இறங்கினாள். தங்கை இருக்கிற கோலத்தைப் பார்த்ததும் என்னைப் பார்த்தாள்.

“என்னய்யா பண்ணி வச்சிருக்கே இவளை?”

“வயசாகுது. உனக்கும் ஆகும்,” என்றேன்.

“நான் இவளைவிட மூப்பு, மெக்கானிக்கு. நான் இன்னும் பொத்தான் ஓட்டை கையால தைக்கிறேன்.”

பெரிய கண் மருத்துவமனைக்கு நேரம் வாங்கிவிட்டாள். தங்கைக்கு வேண்டியதை எல்லாம் அவள் கையாலேயே கொடுத்தாள், என்னை அடுக்களைப் பக்கம் விடவில்லை. அதனால் மருத்துவமனைக்குப் போகிற அன்று என் மனைவிக்குப் பேச்சுத் தெளிந்திருந்தது. கண் மட்டும் இன்னும் திரும்பவில்லை.

புறப்படுவதற்கு முன் நான் கொல்லைக்குப் போனேன். செடியில் ஒரு கிளை சாய்ந்திருந்தது. அதை வெட்டிவிட்டு, நட்டுவைத்த முட்டுக்கோல் நேராக நிற்கிறதா என்று பார்த்தேன். இங்கேதான் என் புத்தி மழுங்கிவிட்டது. எனக்கு இடது இமை தனியாக மூடாது. சின்ன வயசிலிருந்தே அப்படி. தண்டு நேராக இருக்கிறதா, குழாய் கோணலா என்று பார்க்கும்போதெல்லாம் இடது கண்ணை விரலால் அமுக்கி மூடிக்கொண்டுதான் வலது கண்ணால் பார்ப்பேன். கை தானாகப் போகும். அன்றைக்கும் போனது. கோல் நேராகத்தான் நின்றது.

பேருந்தில் போகும்போது இடது பக்கம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தது. ஜன்னல் தூசி என்று நினைத்தேன்.

கண் சோதிக்கிற பெண்ணுக்குச் சின்ன வயசு. என் மனைவியை உட்காரவைத்து, கண்ணில் டார்ச் அடித்தாள். அணைத்தாள், மறுபடி அடித்தாள்.

“வெளிச்சம் அடிச்சாலும் கண்ணுல கருமணி சுருங்கவே இல்லையேம்மா. எங்கயாவது சொட்டு மருந்து போட்டாங்களா?”

“இல்லம்மா.”

“வாய் உலர்ந்து போகுதா?”

“பாலைவனம் மாதிரி இருக்கும்மா. இப்ப ரெண்டு நாளாத் தேவலை.”

அப்போது அந்தப் பெண், என் மனைவிக்குப் பின்னால் நின்ற என்னை நிமிர்ந்து பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். எழுந்து வந்து, “ஐயா, கொஞ்சம் குனியுங்க” என்று என் கண்ணிலும் டார்ச் அடித்தாள். வலது, இடது. மறுபடி வலது, இடது.

“அம்மாவுக்கு ரெண்டு கண்ணும். உங்களுக்கு ஒரு கண்ணு மட்டும்,” என்றாள். குரல் இறங்கிவிட்டது. “வீட்டுல என்ன செடி வச்சிருக்கீங்க?”

என் மனைவிதான் சொன்னாள், முகமெல்லாம் சிரிப்பாக.

“இவர்தாம்மா கொண்டு வந்து வச்சாரு. பூ தலைகீழாத் தொங்கும். அப்படி ஒரு வாசனை.”

அந்தப் பெண் செல்போனில் ஒரு படத்தை எடுத்து அக்காளிடம் காட்டினாள். அக்காள் தலையாட்டினாள். பிறகு அந்தப் பெண் என்னிடம், “இதை அம்மாவுக்கு எதுலயாவது கொடுத்தீங்களா?” என்று கேட்டாள். டார்ச்சை அணைக்க மறந்து கையிலேயே பிடித்திருந்தாள், வெளிச்சம் தரையில் விழுந்து கிடந்தது.

அக்காள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. என் மனைவி திரும்பினாள். அந்தப் பெரிய கறுத்த கண்ணால் நான் இருக்கும் திசையைப் பார்த்தாள். நான் எவ்வளவு தெரிந்தேனோ, தெரியாது. அவளுடைய கைப்பை என் கையில் இருந்தது. எப்போதும் நான்தான் வைத்திருப்பேன். கையை நீட்டி, தடவி, அந்தக் கட்டுப்போட்ட விரலோடு வாரைப் பிடித்து, பையை இழுத்து எடுத்துக்கொண்டாள். “தேநீர்” என்று மட்டும் சொன்னாள். அதுவும் என்னிடம் இல்லை, அக்காளிடம்.

சரி, எழுதச் சொல்லுங்கள். நான்தான் கொடுத்தேன். தெரிந்து கொடுத்தேன், திரும்பத் திரும்பக் கொடுத்தேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, யாரும் கூட இல்லை. கொல்ல நினைத்தாயா என்று கேட்கிறீர்களே, அந்தக் கேள்விதான் எனக்கு அவமானம். கொல்லுகிறவன் எதற்குக் குமிழைக் குறைப்பான்? அவள் இருக்க வேண்டும் என்பதற்காகத்தானே இவ்வளவும். உட்கார்ந்த இடத்தில் இருந்தால் போதும் என்றுதான் செய்தேன்.

அவள் இப்போது அக்காள் வீட்டில் இருக்கிறாளாம். என்னைப் பார்க்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறாளாம். அக்காள் எழுதியிருப்பாள், இவள் கீழே கோடு கிழித்திருப்பாள். அதை நான் நம்பவில்லை. கண் தெளிந்துவிட்டது, மிஷினில் உட்காருகிறாள், மடங்காத விரலை ஒதுக்கிவைத்து இடது கையால் அவளே நூல் கோர்க்கிறாள், உங்கள் ஆள் நேரில் பார்த்துவிட்டு வந்தார் என்கிறீர்கள். உங்கள் ஆளுக்குத் தையலைப் பற்றி என்ன தெரியும்? அவர் வருவது தெரிந்து யாராவது முன்பே கோர்த்து வைத்திருப்பார்கள். அவளால் அது முடியாது, தம்பி. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன். என்னை எங்கே வேண்டுமானாலும் அனுப்புங்கள், போகிறேன். போவதற்கு முன் அந்த அக்காளிடம் ஒன்று மட்டும் கேட்டுச் சொல்லுங்கள். இப்போது அவளுக்கு அங்கே நூல் கோர்த்துக் கொடுப்பது யார்?